படமாடிக்குப் பதினேழு படி

அருப்புக்கோட்டையில் சௌடப்பச் செட்டியாரின் நூல் கிட்டங்கிக்கு மேலே இருந்த மாடியை ஊரார் படமாடி என்றார்கள். கீழே நூல், மேலே படம். வெள்ளிக்கிழமை கிட்டங்கிக்கு விடுமுறை. அன்று காலை ஒன்பது மணியிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை யார் வேண்டுமானாலும் மேலே போய்ப் படம் பார்க்கலாம். காசு கிடையாது. செருப்பைக் கீழே விட வேண்டும், ஒரு நேரத்தில் ஆறு பேருக்கு மேல் போகக் கூடாது, எதையும் தொடக் கூடாது. இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ள மாடிப்படியின் அடியில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். அவர் பெயர் சென்னய்யா. அந்த மாடியில் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததில்லை.

இடுப்புக்குக் கீழே அவருக்கு எதுவும் வேலை செய்யாது. முப்பத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி மழையில் வீட்டுச் சுவர் ஊறிச் சாய்ந்தபோது அவர் தறியில் இருந்தார். நெய்கிறவனுக்குக் கால் இரண்டும் தறிக்குழிக்குள் இருக்கும். வெளியே இருந்திருந்தால் எழுந்து ஓடியிருக்கலாம் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நெய்யுறவரு குழிக்குள்ள இல்லாம வேற எங்க இருப்பாரு என்று அவர் மனைவி லிங்கம்மாள் ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு யாரும் அதைச் சொல்லவில்லை. அவருக்கு அப்போது முப்பத்து நாலு வயது. உள்ளங்கைக்கு இரண்டு மரக்கட்டைகள் செய்துகொண்டார். அவற்றைத் தரையில் ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்து நகர்வார். வீட்டிலிருந்து கிட்டங்கிக்கு நாலு தெரு. நடக்கிறவர்கள் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் போய்விடுவார்கள். அவருக்கு அரை மணி நேரம்.

மாடி பிற்பாடு கட்டியது. நூல்கட்டு மேலே போவதற்குத் தெருப்பக்கம் ஒரு பெரிய கதவும், கதவுக்கு மேல் உத்தரமும், உத்தரத்தில் கப்பியும் வைத்துத்தான் செட்டியார் கட்டினார். கயிற்றில் கட்டி இழுத்தால் நூல் நேரே மேலே போய்விடும். பிறகுதான் கணக்கப்பிள்ளை எப்படி மேலே போவார் என்ற யோசனை வந்தது. இரண்டு சுவர்களுக்கு நடுவில் மிச்சம் கிடந்த சந்தில் பதினேழு படி வைத்தார்கள். அகலம் ஒன்றரை முழம். ஒன்பதாவது படியில் திரும்பும், அங்கே ஒரு உத்தரம் தலையில் இடிக்கும். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. சென்னய்யா வந்த பிறகுதான் செட்டியாரிடம் சொல்லிச் சுவரோரமாக ஒரு தேங்காய்நார்க் கயிறு கட்ட வைத்தார்.

"ஒன்பதாவது படியில குனிஞ்சுக்கங்க. கயித்தைப் பிடிச்சுக்கங்க. எறங்கையில முதுகைத் திருப்பி எறங்குங்க," என்று ஒவ்வொருவருக்கும் சொல்வார். யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரியும். ஆறாவது படி முனகும். பன்னிரண்டாவதில் கல் ஆடும்.

ஏற முடியாதவர்கள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். வாதம் கண்ட கிழவிகள், மாசமாக இருக்கும் பெண்கள், ஒரு தடவை பர்மாவிலிருந்து ஒற்றைக் காலோடு நடந்தே வந்து சேர்ந்த ஒரு ஆள். மேலே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். சென்னய்யா சொல்வார். ஏதோ ஜமீன் ஏலத்தில் செட்டியார் எடுத்த சட்டம் போட்ட படங்கள் முப்பது சொச்சம். நாய்க்குட்டி வைத்திருக்கும் வெள்ளைக்காரச் சீமாட்டி, புயலில் மாட்டிய கப்பல், கண்ணாடியில் எழுதிய கிருஷ்ணன், செட்டியாருடைய அப்பா. அப்புறம் வடக்குச் சுவர் முழுக்க ஒரே சித்திரம், விடிகாலையில் நம் தெருவில் பாவு நீட்டியிருக்கிறது மாதிரி. இதெல்லாம் இறங்கி வந்தவர்கள் சொல்லி அவர் தெரிந்துகொண்டது. கடைசியில் சொல்வதை மட்டும் வேறொருத்தி சொல்லியிருந்தாள்.

அது நாற்பதாம் வருஷம். மதுரையில் நாடகத் திரை எழுதிக்கொண்டிருந்த கோட்டைச்சாமி என்பவரைச் செட்டியார் கூட்டி வந்து நாலு மாதம் தங்க வைத்தார். அவர் விடிகாலையில் தெருவில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காகிதத்தில் பென்சிலால் போட்டுக்கொள்வார். நெசவுத் தெருவில் பாவு என்பது தனி வீட்டுக் காரியமில்லை. நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் ஆற்றிச் சுருட்ட வேண்டும். யார் வீட்டுப் பாவானாலும் வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்பது தெருக்கட்டு. வராத வீட்டின் பாவுக்கும் யாரும் வர மாட்டார்கள். சென்னய்யா படுத்துவிட்டார். லிங்கம்மாள் ராட்டையில் ஊடைநூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றிக் கொடுத்து அரை வயிறு கழுவினாள். அந்த வீட்டின் ஆளாக அவர்கள் மகள் முத்துமணி போனாள். ஏழு வயது. பாவின் அந்தக் கடைசியில் கஞ்சிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது அவள் வேலை.

கோட்டைச்சாமி ஒரு நாள் காகிதத்தோடு வீட்டுக்கே வந்தார்.

"இது உங்க புள்ளையா?"

"ஆமாங்க."

"நிக்கிற நிலை நல்லா இருக்கு. சுவத்துல போட்டுட்டேன். மேல வந்து பாருங்க," என்றவர் சென்னய்யாவின் காலைப் பார்த்துவிட்டு, "சரி, சரி," என்று காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் காகிதத்தைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்கத் தோன்றவில்லை. பிள்ளைதான் வீட்டில் இருந்தாளே.

முத்துமணி மேலே போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். வீட்டில் அவர்களுக்குத் தெலுங்கு; அப்பாவை நாயனா என்பாள். "நாயனா, நான் செவத்துல நிக்கேன். கஞ்சி சட்டில இருந்து வழியுது. அதைக்கூட எழுதியிருக்காரு. மூஞ்சி என்னை மாதிரியே இருக்கு," என்றாள்.

"உன்னை மாதிரி இல்லாம வேற யாரை மாதிரி இருக்கும்?"

"கோவிந்தம்மா மாதிரி எழுதிருவாரோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். அவதான் எனக்குப் பக்கத்துல நிப்பா."

நாற்பத்து மூன்று ஆடியில் தெருவுக்கு வாந்திபேதி வந்தது. முத்துமணி ஒரே பகலில் போய்விட்டாள். அவளுக்குப் பத்து வயது. தூக்கிக்கொண்டு போகிறவர்கள் தெருமுனை திரும்புகிற வரை சென்னய்யா வாசலில் உட்கார்ந்து பார்த்தார். அவர்கள் வேகத்துக்கு அவரால் போக முடியாது. அழுகை வரவில்லை. வரும் என்று கொஞ்ச நாள் இருந்து பார்த்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார். தார் சுற்றினார், சாப்பிட்டார், படுத்தார். அடுத்த வருஷத்துக்குள் இன்னொன்று நடந்தது. பிள்ளையின் முகம் மனதில் வர மறுத்தது. குரல் வந்தது, சட்டி வந்தது, காலில் இருந்த சிரங்குத் தழும்பு வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. போட்டோ எடுக்கிற வீடு அது இல்லை. அந்த முகம் மிச்சமிருந்தது ஒரே இடத்தில்தான். அதற்குப் பதினேழு படி ஏற வேண்டும்.

ஏறக்கூடியவர்களுக்கும் அப்போது வழி இல்லை. யுத்த காலத்தில் நூலுக்குக் கட்டுப்பாடு வந்து, பங்கீட்டு நூல் செட்டியார் கிட்டங்கிக்கு வந்து இறங்கியது. கீழே இடம் போதாமல் மாடியிலும் அடுக்கினார்கள். படமாடி இரண்டு வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. நாற்பத்தாறு தையில் திறந்தபோது, படியடியில் உட்கார ஒரு ஆள் வேண்டும் என்று செட்டியார் சொல்லி அனுப்பினார். சென்னய்யா ஏன் உடனே சரி என்றார் என்று லிங்கம்மாளுக்குத் தெரியும். முதல் வெள்ளிக்கிழமையே அவளை மேலே அனுப்பினார். அவளுக்கு முன்னால் ஏறியவர்கள் இறங்கினார்கள், பின்னால் ஏறியவர்களும் இறங்கினார்கள். கடைசியாக அவள் வந்தாள்.

"இருக்காளா?"

"இருக்கா."

"எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா," என்று முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் வேலை இருக்கிறது என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் படமாடிக்கு வரவில்லை.

சென்னய்யா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இறங்கி வருகிறவர்களைக் கேட்டார். "பாவுக்கு அந்தக் கடைசில ஒரு புள்ள நிக்குமே, பாத்தீகளா?" செருப்பைத் தேடிக்கொண்டே, நிக்குது, நிக்குது என்றார்கள். என்ன பாவாடை என்று கேட்டால் ஒருவர் பச்சை என்றார். ரெட்டியபட்டியிலிருந்து பஞ்சு ஏற்றிக்கொண்டு வந்தவர் சிவப்பு என்றார். கையில் என்ன வைத்திருக்கிறது என்றால் ஒரு அம்மாள் பூ என்றாள், இன்னொருத்தி குடம் என்றாள். ஜனங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று சென்னய்யா நினைத்துக்கொண்டார். நாம் பார்த்தால்தான் சரிப்படும் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது.

கிட்டங்கியில் நூல்கட்டு ஏற்றி இறக்கும் தனுஷ்கோடி அவருக்குப் பழக்கம். வார நாளில் தார் நூல் வாங்கப் போகும்போது பேசிக்கொண்டிருப்பார்கள். மாடிக்குப் போய்ப் படம் பார்க்க வேண்டும் என்றுதான் சென்னய்யா அவனிடம் சொன்னார். எந்தப் படம், எதற்கு என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

"ஏலே, நீ ஒரு நூல்கட்டுல பாதி தேற மாட்ட. முதுகுல ஏறு."

"ஏறத் தெரிஞ்சா உன் முதுகுல ஏன்டா ஏறுறேன்? படியில ஏறியிருக்க மாட்டேனா?"

தூக்கி முதுகில் போட்டுக்கொண்டான். கால் இரண்டும் செத்த பாம்பு மாதிரி தொங்கி, சுவருக்கும் படிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டன. ஆறாவது படியில் முனகல் கேட்டது. முதுகில் இன்னும் உயரத்தில் இருந்ததால் எட்டாவது படியிலேயே சென்னய்யாவின் தலை உத்தரத்தில் இடித்தது.

"கழுத்தை விடுலே. மூச்சு முட்டுது."

"விட்டா விழுந்துருவேன்."

"பிடிச்சா நான் செத்துருவேன்."

பின்னால் இரண்டு பேர் பிடித்துக் கீழே இறக்கினார்கள். நெற்றியில் வீங்கியிருந்தது. பத்து நாள் கழித்துத் தனுஷ்கோடி செட்டியாரிடமே கேட்டான், கப்பியில் ஏற்றினால் என்ன என்று. சென்னய்யாவும் பக்கத்தில்தான் இருந்தார்.

செட்டியார் கெட்டவர் இல்லை. யோசித்துத்தான் சொன்னார். "அது நூல் ஏறுற கயிறுப்பா. ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சுக் கும்பிடுறோம். அதுல ஆளைத் தொங்க விட்டுட்டு மறுநாள் நூலைக் கட்டுன்னா எனக்கு வாய் வருமா? நீயே சொல்லு சென்னய்யா. உன் நூலாயிருந்தா கட்டுவியா?"

சென்னய்யா, "கட்ட மாட்டேன் முதலாளி," என்றார். அது உண்மை.

தனுஷ்கோடிதான் விடவில்லை. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் பழைய கயிற்றைக் கழற்றிவிட்டுப் புதுக் கயிறு போடுவது வழக்கம். பழசு கிணற்றுக்கோ மாட்டுக்கோ போய்விடும். "கழட்டுறதுன்னு ஆயிட்டா அது நூல் கயிறு இல்லையே முதலாளி, வெறும் கயிறு. கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாழிகை..."

செட்டியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் துடைத்தார். "புதுசு ஏறுறதுக்குள்ள முடிச்சிருங்க," என்றார்.

அது நாற்பத்தேழு ஐப்பசி. பூசைக்கு முந்தின சாயங்காலம் லிங்கம்மாள் ராட்டையைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டிப் போடுற கயிறுன்னா நைஞ்சு போச்சுன்னுதான அர்த்தம். அதுல போய் ஏறணுமா?"

"நூல்கட்டு ஏறுது. நான் ஏற மாட்டேனா?"

"நான்தான் பாத்தேன்ல. இருக்கான்னு சொன்னேன்ல."

"நீ பாத்தது உனக்கு."

அவள் ராட்டைச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி விட்டு, அது நிற்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்து வைத்தாள். இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னாள்.

நூல்கட்டு நிறுக்கிற பெரிய தராசின் தட்டைக் கழற்றிக் கயிற்றில் மாட்டியிருந்தார்கள். சதுரப் பலகை, நாலு மூலைக்கும் சங்கிலி. சென்னய்யாவை அதில் உட்கார வைத்துச் சேலையால் சங்கிலியோடு சேர்த்துக் கட்டினான் தனுஷ்கோடி. தெருவில் கூட்டம் கூடிவிட்டது.

"எம்புட்டுத் தேறும், நிறுத்துப் பாத்தியா தனுஷ்கோடி?" என்றது ஒரு குரல்.

"கழிவு போக நாலு மணங்கு."

"காலைக் கழிவுல சேத்தியா?" என்று தட்டிலிருந்தே கேட்டார் சென்னய்யா. சிரித்தார்கள். லிங்கம்மாள் எதிர்ச்சாரியில் வேப்பமரத்தடியில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

மூன்று பேர் இழுத்தார்கள். தட்டு தரையை விட்டது. பாதி உயரத்தில் முறுக்கு அவிழ்ந்து மெதுவாகச் சுற்றியது. எட்டு வருஷமாக அவர் பார்த்ததெல்லாம் மனிதர்களின் முழங்கால்தான். இப்போது தலைகள் கீழே இருந்தன. ஓலைக் கூரைகள், அதற்கு அப்பால் மழைக்குக் காத்துக் கிடந்த கரிசல், ஒரு மூலையில் தன் வீட்டின் புதுச்சுவர் எல்லாம் ஒரு சுற்று வந்து போயின. நன்றாக இருக்கிறது என்று தோன்றவில்லை. பயமாகவும் இல்லை. மேலே கதவோரம் நின்றவன் சங்கிலியைப் பிடித்து உள்ளே இழுத்தான். தனுஷ்கோடி படி வழியே ஏறி வந்து சேலை முடிச்சை அவிழ்த்துவிட்டான்.

உள்ளே ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. சென்னய்யா கைக்கட்டைகளை ஊன்றி நகர்ந்தார். சீமாட்டியையும் கப்பலையும் கிருஷ்ணனையும் நிற்கிறவர்களின் கண்ணுக்கு நேரே மாட்டியிருந்தார்கள். தரையிலிருந்து பார்க்க ஒவ்வொரு கண்ணாடியிலும் ஜன்னல் வெளிச்சம்தான் அடித்தது. அவர் அங்கெல்லாம் நிற்கவில்லை. வடக்குச் சுவருக்குப் போனார். அவர் முகத்துக்கு நேரே சுவர் வெள்ளையாக இருந்தது.

கழுத்தை நிமிர்த்தினார். மேலே வானம் இருந்தது, விடிகாலைச் செம்மை. வேப்பமரத்தின் தலை இருந்தது. தலைப்பாகைகள் இருந்தன. தெருக்காரர் சுப்பய்யாவின் மூக்கு நேரில் இருப்பது போலவே இருந்தது. ஆட்களுக்கு மார்பு வரை இருந்தது. அதற்குக் கீழே நூல் பிடித்தது போல ஒரே கோடு. கோட்டுக்குக் கீழே சுண்ணாம்பு. பாவு இல்லை. கஞ்சிச் சட்டி இல்லை. ஏழு வயசுப் பிள்ளையின் உயரம் எங்கே வரும் என்று பார்த்தார். கோட்டுக்கு ஒரு சாண் கீழே அவள் தலை முடிந்திருக்கும்.

"இது எப்ப அடிச்சது?"

தனுஷ்கோடி எட்டிப் பார்த்தான். "இதா? நான்தான் அடிச்சேன். நாப்பத்து மூணு கடைசில. இந்தச் சுவத்தோரம் அறுபது கட்டு நூல் அடுக்கணும்னாக. நூல் அணையுற சுவருக்கு மார் உயரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்காம அடுக்குவமா? அதுவும் இது சாயச் சுவரு. வெள்ளை நூல்ல ஒட்டுச்சுன்னா அம்புட்டும் வீண்."

"சித்திரம் இருந்துச்சே."

"சித்திரம் இருந்தா என்னலே, சுவருதான." சொல்லிவிட்டுச் சென்னய்யாவின் முகத்தைப் பார்த்தான். "ஏன், என்ன இருந்துச்சு?"

அவன் சொன்னதில் தப்பில்லை. தெருவில் பிறந்த எவனைக் கேட்டாலும் அதைத்தான் செய்திருப்பான். கால் இருந்து, அந்த வேலைக்குக் கூப்பிட்டிருந்தால் சென்னய்யாவே சுண்ணாம்பு மட்டையை எடுத்துக்கொண்டு மார் உயரத்துக்கு ஒரே கோடாக அடித்திருப்பார். அப்போது பிள்ளை இறந்து நாலு மாதம்.

"முத்துமணி," என்றார்.

தனுஷ்கோடி சுவரை ஒட்டி வந்தான். பிறகு குந்தி உட்கார்ந்து, "சுரண்டிப் பாப்பமா?" என்றான்.

சென்னய்யா ஒரு ஓரத்தில் நகத்தால் கீறினார். நகத்துக்குள் சுண்ணாம்பு வந்தது, அதோடு சேர்ந்து செம்மண் நிறமும் வந்தது. தெருப்புழுதிக்கு எழுதின நிறம். கீறின இடத்தில் அடியிலிருந்த காரை தெரிந்தது.

"வேணாம். சேந்து வந்துரும்," என்றார்.

நகத்தை வேட்டியில் துடைத்தார். பிறகு, புதுக் கயிறு போட வேண்டுமே, இறக்கிவிடு என்றார்.

பூசை நாளாதலால் வீட்டில் சோறும் பருப்பும் ஆகியிருந்தது. லிங்கம்மாள் இலையைப் போட்டாள். அவர் கையைக் கழுவினார். நகத்தில் வெள்ளை போகவில்லை.

"சுண்ணாம்பு அடிச்சிருக்கு."

"ம்."

"நாப்பத்து மூணுலயே அடிச்சதாம். நீ மேல போனப்பவே இல்ல."

"இல்ல."

"இருக்கான்னியே."

லிங்கம்மாள் பருப்பை ஊற்றினாள். "கீழ உக்காந்துக்கிட்டு, கழுத்தை நிமித்திக்கிட்டுக் கேட்டீக. நான் என்ன சொல்ல?"

அதற்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று அவரும் யோசித்துப் பார்த்தார். சோற்றைப் பிசைந்தார்.

"அம்புட்டு நேரம் மேல என்ன செஞ்ச?"

"சட்டி எந்த உயரத்துல இருந்திருக்கும்னு கை வச்சுப் பாத்தேன்," என்றாள். "சோறு ஆறுது."

அவர் சாப்பிட்டார். அவளும் பிறகு சாப்பிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சென்னய்யா வழக்கம்போலப் படியடியில் போய் உட்கார்ந்தார். போகாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றவில்லை, போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவர் போய்ச் சேர்ந்தபோது விடுமுறை நாளென்றும் பாராமல் தனுஷ்கோடி அங்கே இருந்தான். கப்பியிலிருந்து புதுக் கயிற்றை இறக்கிச் சுருட்டி வைத்துவிட்டுப் பழையதைப் போட்டிருந்தான். தராசுத் தட்டும் மாட்டியிருந்தது.

"என்னலே இது?"

"முதலாளிகிட்ட கேட்டுட்டேன். வெள்ளிக்கிழமைக்குப் பழசு, மத்த நாளைக்குப் புதுசு. மாத்துறது என் பாடு." அவன் சென்னய்யாவைப் பார்க்காமல் முடிச்சை இறுக்கினான். "உன்னை மாதிரி ஆளு எவனாவது வருவான்ல."

சென்னய்யா தட்டின் சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டு, "மேல ஒரு உசரமான பெஞ்சியும் கொண்டு போய்ப் போடு. தரையில இருந்து பாத்தா ஒரு படமும் தெரியாது," என்றார்.

அன்று மதியத்துக்கு மேல் நரிக்குடிப் பக்கமிருந்து சோலையம்மாள் என்ற கிழவி மகனோடும் மருமகளோடும் வந்தாள். முழங்கால் இரண்டும் பனங்காய் மாதிரி வீங்கியிருந்தன. அவர்களை மேலே அனுப்பிவிட்டு அவர் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"மேல என்னய்யா இருக்கு?"

சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "நீங்களே போய்ப் பாருங்களேன்."

"இந்தக் காலை வச்சுக்கிட்டா?"

"தராசுல வச்சு ஏத்திருவோம்."

"ஆத்தாடி, என்னை நிறுக்கப் போறீகளா?"

"நிறுக்க மாட்டோம். ஏத்த மட்டுந்தான்."

ரொம்ப நேரம் மாட்டேன் என்றாள். பிறகு இடுப்பில் இருந்த சுருக்குப் பையை மருமகளை நம்பாமல் சென்னய்யாவிடம் கொடுத்துவிட்டுத் தட்டில் உட்கார்ந்தாள். தனுஷ்கோடியும் தெருவில் போன இரண்டு பேரும் இழுத்தார்கள். சென்னய்யா கயிற்றின் வால்நுனியைத் தன் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். அது ஒன்றுக்கு அவர் உடம்பு நல்ல பாரம்.

கிழவி இறங்கி வந்தபோது முகமெல்லாம் வியர்த்திருந்தது. பையை வாங்கி, உள்ளே இருந்ததைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"நாய்க்குட்டி நல்லாருக்கு. ஆனா அந்தப் பெரிய சுவத்துல ஒருத்தருக்கும் மார்புக்குக் கீழ ஒண்ணையும் காணோமே. வெள்ளையா இருக்கு. அங்க என்னய்யா இருந்துச்சு?"

"பாவு நீட்டியிருக்கும். கம்பு ஊனியிருக்கும். அந்தக் கடைசில கஞ்சிச் சட்டியோட ஒரு புள்ள நிக்கும்."

"யாரு புள்ள?"

"எம் புள்ள."

சோலையம்மாள் வெற்றிலையை மெல்வதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். மறுபடியும் மென்றாள்.

"என் செருப்பு எங்கய்யா?" என்றாள்.

அவருக்குத் தெரியும். வார் அறுந்து சணலால் கட்டியது, இடது வரிசையில் மூன்றாவது. நகர்ந்து போய் எடுத்து அவள் காலடியில் வைத்தார்.